ரவுண்டானாவுக்கு ஓர் எஃகுச் சிற்பம்

ரவுண்டானா என்றால் தலைவர் சிலை, இல்லாவிட்டால் நீரூற்று. சேலம், நாமக்கல் பக்கம் இதைத் தாண்டி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. கனசதுரமும் உருளையுமாக, முகமோ கைகாலோ இல்லாமல் நிற்கும் சிற்பம் என்றால் வெளிநாட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தச் சிற்பக்கலை வளர்ந்ததே வெல்டிங் பட்டறையில்தான் என்பது இங்கே அதிகம் பேசப்படாத விஷயம்.

அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1925இல் ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில் என்ஜின் ஆலையில் வெல்டர். 1961 முதல் 1965இல் இறக்கும்வரை, ‘கியூபி’ என்ற வரிசையில் 28 சிற்பங்கள் செய்தார். எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துப் பற்றவைத்து, மேற்பரப்பு முழுவதும் கிரைண்டரைச் சுழலவிட்டுக் கீறினார். வெயில் படும்போது அந்தக் கீறல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் மின்னும். மேகம் மூடினால் அதே எஃகு சாம்பலாகிவிடும். திறந்த வெளிக்கென்றே செய்த வேலை அது.

அடுத்து வந்த மினிமலிசக் கலைஞர் டொனால்ட் ஜட், 1964 முதல் தன் பெட்டிகளை நியூயார்க்கிலிருந்த பெர்ன்ஸ்டீன் பிரதர்ஸ் என்ற தகரப் பட்டறையில் கொடுத்தே செய்துவாங்கினார். அளவும் வரைபடமும் அவருடையவை. வளைத்ததும் இணைத்ததும் பட்டறைக்காரர்கள்.

இப்போது நம் ஊரைப் பார்ப்போம். சேலம் உருக்காலை 1981இலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிறது. நாமக்கல்லில் நாடெங்கும் ஓடும் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டுகிறார்கள். தகடும் இருக்கிறது, கையும் இருக்கிறது.

வேலை சுலபம் என்று சொல்லவரவில்லை. லாரி பாடியில் மூட்டு கொஞ்சம் பிசகினாலும் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். வெறும் எஃகுப் பெட்டியில் மறைக்க எதுவும் கிடையாது. மூலைமட்டம் ஒரு நூல் தவறினால் நூறடி தூரத்திலிருந்தே தெரியும். நல்ல வெல்டருக்கு அது சவால். தரக்குறைவாகச் செய்தால் தண்ணீர்த் தொட்டி போலத்தான் நிற்கும்.

‘இதில் என்ன இருக்கிறது?’ என்ற கேள்வி வரும். லண்டனிலும் வந்தது. சிற்பி கார்ல் ஆந்த்ரே 120 தீச்செங்கற்களை இரண்டு அடுக்காக அடுக்கிய சிற்பத்தை டேட் கலைக்கூடம் 1972இல் வாங்கியது. 1976இல் பத்திரிகைகள் கொதித்தன. மேக்னசைட் வெட்டி உலைச் செங்கலுக்கு அனுப்பும் சேலத்துக்காரருக்கு அந்தக் கல்லின் எடையும் விளிம்பும் நன்றாகவே தெரியும். சிற்பத்தைச் சுற்றி ஒருமுறை நடக்க விட்டால் போதும், மிச்சத்தை அவரே பேசுவார்.

மாநகராட்சி ஒரு ரவுண்டானாவை ஒதுக்கலாம், உருக்காலை தகடு கொடுக்கலாம். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்கள் நாமக்கல் பட்டறைகளிலேயே தங்கி, அங்குள்ளவர்களோடு சேர்ந்து செய்யலாம். ஜட்டின் பல பெட்டிகளில் அவர் பெயரோடு பெர்ன்ஸ்டீன் பட்டறையின் பெயரும் பொறித்திருக்கிறது. இங்கும் பீடத்தில் பட்டறையின் பெயர் இடம்பெற வேண்டும், சிற்பியின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில்.