கொலைடிஸ் நோயாளிகளுக்குச் சத்து மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமா?

'மஞ்சள் மாத்திரையும் வைட்டமின் டி-யும் போட்டுக்கிட்டா போதும், கொலோனோஸ்கோப்பி எதுக்கு?' அல்சரேட்டிவ் கொலைடிஸ், க்ரோன்ஸ் போன்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் பலருக்கும் எழும் கேள்வி இது.

ஆபத்து ஏன் கூடுகிறது?

பெருங்குடலின் உட்சுவர் ஆண்டுக்கணக்கில் புண்ணாவதும் ஆறுவதுமாக இருந்தால், புதிதாக உருவாகும் செல்களில் பிழைகள் சேரும். அழற்சி எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எவ்வளவு தீவிரம் என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ஏற்கெனவே குடல் கட்டி அகற்றப்பட்டவர்களுக்கு தினமும் 1 மி.கி. ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானது. புதிய கட்டிகள் குறையவில்லை. சொல்லப்போனால், மூன்றும் அதற்கு மேலும் கட்டிகள் வந்தது மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் அதிகம். 25,871 பேர் பங்கேற்ற 'வைட்டல்' ஆய்வில், தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி எடுத்தும் புற்றுநோய் வருவது குறையவில்லை. இவை குடல் அழற்சி உள்ளவர்களிடம் தனியாகச் செய்த ஆய்வுகள் அல்ல. ஆனால், அவர்களிடமும் எந்தச் சத்து மாத்திரையும் புற்றுநோயைத் தடுப்பதாக நிரூபணம் ஆகவில்லை.

மஞ்சளில் உள்ள குர்குமின், மருந்தோடு சேரும்போது கொலைடிஸ் திரும்ப வருவதைக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. அது வேறு, புற்றுநோய்த் தடுப்பு வேறு. 'மஞ்சள்தானே, என்ன செஞ்சிடும்?' என்றும் இருக்க முடியாது; செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் மாத்திரையே வேண்டாமா?

குறைபாடு இருந்தால் கட்டாயம் வேண்டும். ரத்தம் போவதால் இரும்புச்சத்து குறையும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு பி12 தேவைப்படலாம். சல்ஃபாசலசின் மருந்து ஃபோலிக் அமிலம் உடலில் சேர்வதைக் குறைக்கும். ஸ்டீராய்டு எடுப்பவர்களின் எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் அவசியம். இவையெல்லாம் குறையை ஈடுகட்டுபவை. புற்றுநோய்க்குக் கவசம் அல்ல.

எது காப்பாற்றும்?

அழற்சியை அடக்கி வைக்கும் மருந்தை, உடம்பு நன்றாக இருக்கும்போதும் நிறுத்தாமல் எடுப்பது முதல் காரியம். அடுத்தது, நோய் தொடங்கிய 8 ஆண்டுகளில் கொலோனோஸ்கோப்பி கண்காணிப்பைத் தொடங்குவது. பிரைமரி ஸ்க்ளீரோசிங் கொலாஞ்சைட்டிஸ் என்ற பித்தநாள நோயும் இருந்தால், அது தெரிந்த உடனே தொடங்கி ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

மாத்திரைக்குச் செலவாகும் பணத்தைவிடப் பெரிய நஷ்டம், அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான்.