கம்பியில்லா மேசைவிளக்கு: ஒரு பாராட்டும் ஒரு குறையும்

'விளக்கு' என்பதை வினையாகக் கொண்டால் தெளிவுபடுத்து என்றும் பொருள்படும். பாத்திரத்தைத் தேய்த்துத் துலக்கு என்றும் பொருள்படும். ஒளிக்கும் துலக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிக்குரியவர்களாக, இன்று உணவகங்களிலும் இல்லங்களிலும் பரவிவரும் கம்பியில்லா மேசைவிளக்கைப் பற்றிச் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கம்பியின்மை புதுமையன்று. பழைய எண்ணெய் விளக்குகள் எல்லாமே கம்பியற்றவைதாம். எண்ணெயையும் திரியையும் தம்முள்ளே சுமந்துகொண்டு, கை போன இடமெல்லாம் அவையும் போயின. மின்சாரம் ஒளியைப் பெருக்கியது; கூடவே விளக்கைச் சுவரோடு கட்டிப்போட்டது. அக்கட்டை அவிழ்த்தவை இரண்டு: சிறிதளவு மின்சாரத்தில் ஒளிரும் எல்.இ.டி.யும், கைக்கடக்கமான லித்தியம் அயனி மின்கலமும். வெண்ணிற ஒளிக்கு வழிவகுத்த நீல எல்.இ.டி.க்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசும், லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசும் வழங்கப்பட்டன.

இலண்டன் டிசைன் மியூசியத்தின் உணவகத்துக்கென எட்வர்ட் பார்பர், ஜே ஆஸ்கர்பி இருவரும் வடிவமைத்த சிறு விளக்கே பின்னர் ஃப்ளாஸ் நிறுவனத்தின் 'பெல்ஹாப்' ஆயிற்று. விடுதியில் பெட்டி சுமக்கும் பணியாளரைக் குறிக்கும் பெயர் அது. டென்மார்க்கின் வெர்னர் பாண்டன் 1971-இல் படைத்த 'பாந்தெல்லா' விளக்கும் இப்போது கம்பியில்லா வடிவில் கிடைக்கிறது. அதன் அரைக்கோள மூடி மட்டுமன்றி, கீழே விரிந்திறங்கும் தண்டும் ஒளியை ஏந்தித் திருப்பும். ஒளியின் ஊற்று கண்ணைக் குத்தாது; ஒளி மட்டும் மேசையில் பரவும். பவுல் ஹென்னிங்சன் 1920-களில் தம் அடுக்குமூடி விளக்குகளால் வற்புறுத்திய கொள்கையும் இதுவே. எதிரே அமர்ந்தவர் முகம் தெரிகிறது, மெழுகு வழிவதில்லை, பரிமாறுவோர் காலில் கம்பி இடறுவதில்லை. உணவுமேசைக்கு வேறென்ன வேண்டும்? இவ்வளவும் மெய்யான சிறப்பே.

நிற்க. கம்பி ஒழிந்துவிட்டதா? இல்லை, விருந்தினர் கண்ணிலிருந்து மறைந்திருக்கிறது, அவ்வளவே. கடை சாத்தியபின் மேசைதோறும் விளக்கை எடுத்துச் சென்று பின்னறையில் மின்னூட்ட ஒருவர் வேண்டும். அதையும் பொறுக்கலாம். பெரிய குறை வேறு. லித்தியம் அயனி மின்கலம் சில நூறு முறை ஊட்டம் பெற்றதும் தளரத் தொடங்கும். நாள்தோறும் ஊட்டும் உணவகத்தில் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளே போதும். சில விளக்குகளில் மின்கலத்தை மாற்றலாம். பலவற்றில் அது திறக்கவியலாதபடி உள்ளே அடைக்கப்பட்டிருக்கிறது. அரை நூற்றாண்டு நிற்கத் தகுந்த வடிவம், மின்கலம் சோர்ந்த குற்றத்துக்காகக் குப்பைக்குப் போகிறது.

நம் வீட்டு அரிக்கேன் விளக்கை எண்ணிப் பார்க்கிறோம். திரி தீர்ந்தால் திரி, கண்ணாடி உடைந்தால் கண்ணாடி எனக் கடைத்தெருவில் தனித்தனியே கிடைத்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது அந்திவேலைகளுள் ஒன்று. ஒரு மலிவான தகர விளக்குக்கு இருந்த இந்த நற்பண்பு, பன்மடங்கு விலைபெறும் கலைப்பொருளுக்கு ஏன் இல்லை?

ஈரமும் தூசியும் புகாதிருக்கவே மூடுகிறோம் என்பர். திருகும் ரப்பர் வளையமும் வைத்த கைவிளக்குகள் மழையிலும் எரிகின்றனவே! ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கல ஒழுங்குவிதி, கருவிகளுக்குள் இருக்கும் சிறு மின்கலங்களைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்ற இயலவேண்டும் எனச் சில விலக்குகளோடு வரையறுத்து, அதற்கு 2027 பிப்ரவரி 18-ஐ நாளாகக் குறித்திருக்கிறது. நல்லதே. எனினும், பழுதுபார்க்கத் தக்கதாய் இருப்பதும் அழகின் பகுதியே என்பதை வடிவமைப்பாளருக்குச் சட்டம் வந்துதானா உணர்த்த வேண்டும்?

ஆகவே வாங்க எண்ணும் நண்பர்கள், நிறத்தையும் வடிவையும் கண்டு மகிழ்ந்தபின், விளக்கைக் கவிழ்த்து அடிப்பாகத்தையும் ஒருமுறை பார்க்கட்டும். அங்கே ஒரு திருகாணி உண்டா? திறந்து துலக்க முடியாத ஒன்றை விளக்கு என்றழைக்க நம் மொழி சற்றே தயங்கும்.