டிரம்மைத் திறப்பவரையும் தேர்வெழுத விடுங்கள்

அபாயகரப் பொருள் மேலாண்மைக்குப் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்தி, சான்றிதழ் வழங்கும் பொறுப்பில் உள்ள பெருமக்களுக்கு,



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரசாயனக் கழிவு கையாளும் வேலையில் இருக்கும் பலரில் ஒருவனாக இந்த மடலை எழுதுகிறேன். எந்தச் சங்கத்தின் சார்பிலும் எழுதவில்லை. தங்களில் எவரையும் தனிப்படக் குறைகூறும் எண்ணமும் எனக்கில்லை. சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்த பிறகு எங்களுக்கு உறைத்த ஒன்றைத் தங்கள் முன் வைக்க வேண்டியிருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் மணலியிலும் எண்ணூரிலும் ராணிப்பேட்டையிலும் கடலூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றே தனிக் கடிதமாக அனுப்பாமல் பொதுவில் வைக்கிறேன்.

எங்கள் ஊரைத் தாங்கள் அறிவீர்கள். கொல்கத்தா நெடுஞ்சாலையில் எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் ஆந்திரம். இரும்பு உருக்காலைகளும் ரசாயன ஆலைகளும் நெருங்கி நிற்கும் இந்தப் பேட்டைக்குள்தான், தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளின் அபாயகரக் கழிவு வந்து சேரும் பொது நிலநிரப்புத் தளங்களில் ஒன்று இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்து ஸ்லட்ஜ், பெயின்ட் கசடு, கரைப்பான் வடித்த மிச்சம், ரசாயனம் ஊறிய காலி டிரம் என்று எங்கெங்கோ உற்பத்தியானதன் கடைசி அத்தியாயம் எங்கள் கைகளில்தான் முடிகிறது. ஆகவே, இந்தப் பொருள்களை அறிந்து கையாள வேண்டும் என்ற தங்கள் கொள்கையோடு எங்களுக்கு எந்த வேறுபாடும் இல்லை. அந்த அறிவு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில், எங்களுக்குச் சொல்லப்பட்டது என்ன என்பதை நினைவூட்ட அனுமதியுங்கள்.

1984 டிசம்பரில் போபாலில் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். அந்த ஆலையில் தொழிலாளர்களுக்கான பயிற்சி சுருங்கிப்போயிருந்ததும், பலருக்குப் படிக்கவராத ஆங்கிலத்திலேயே கையேடுகள் இருந்ததும் பின்னாளில் திரும்பத் திரும்பப் பதிவாயின. அந்தத் துயரத்தின் விளைவாக 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளுக்கென்று தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. ஆபத்து என்ன, அதிலிருந்து காத்துக்கொள்ளும் வழி என்ன என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்றது 41பி பிரிவு. அபாயகரப் பொருளைக் கையாள்வதில் தகுதியும் அனுபவமும் உள்ளவரையே மேற்பார்வைக்கு அமர்த்த வேண்டும் என்றது 41சி. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் அதை எடுத்துச்சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்கே கொடுத்தது 41எச். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்தக் கடமைகளைக் கைவிடவில்லை.

2016இல் வந்த அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகள் இன்னும் நெருங்கி வந்தன. பணியிடத்தில் இருப்பவர்களுக்குத் தகுந்த பயிற்சி, கருவிகள், பாதுகாப்புக்குத் தேவையான தகவல் மூன்றையும் நிர்வாகம் வழங்க வேண்டும் என்றது நான்காம் விதி. கழிவு மறுசுழற்சியில் ஈடுபடும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவுசெய்து, அவர்களுக்குத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி தருவதை மாநிலத் தொழிலாளர் துறையின் பொறுப்பாக்கியது ஐந்தாம் விதி. இவற்றைப் படித்தபோது, சட்டம் எழுதியவர்கள் எங்களை மறக்கவில்லை என்ற நிறைவு எங்களுக்கு உண்டாயிற்று.

இனி, நடந்திருப்பது என்ன என்று பாருங்கள்.

எங்கள் ஷிப்டில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவரை நாங்கள் அண்ணன் என்போம். லாரியிலிருந்து இறங்கும் டிரம்களில் ஒன்றின் மூடி சற்றே புடைத்திருந்தால், எங்கள் கண்ணுக்கு முன்னால் அவர் கண்ணுக்கு அது தெரிந்துவிடும். உடனே எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்வார். கம்பத்து உச்சியில் ஆடும் துணிப் பையைப் பார்த்து, காற்று முதுகில் அடிக்கும் பக்கமாக நின்றுகொள்வார். லேபிள் மழையில் கரைந்துபோயிருந்தால், “எந்த பிளான்ட்லேர்ந்து வந்துச்சு, மேனிஃபெஸ்ட்ல என்ன போட்டிருக்கு?” என்று கேட்பார். பதில் வரும்வரை ஸ்பேனரை எவன் கையிலும் கொடுக்க மாட்டார். லேப் ஆளும் பொறுப்பாளரும் வந்து பார்க்கும்வரை அந்த டிரம் தனியே கிடக்கும். சயனைடு இருந்த டிரம்மை ஆசிட் வரிசைக்குப் பக்கத்தில் இறக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. சல்ஃபைடு கலந்த ஸ்லட்ஜில் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும் என்பதையும், முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடித்துப் பிறகு மூக்கு மரத்துப்போவதால் நாற்றம் நின்றுவிட்டதை நம்பி உள்ளே இறங்கக் கூடாது என்பதையும் எங்களுக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான்.

அந்த அண்ணனால் தங்கள் தேர்வுக்கு விண்ணப்பமே போட முடியாது. பட்டம் அல்லது பட்டயம் கேட்கிறது விண்ணப்பம். அவரிடம் இருக்கும் அனுபவத்தை எழுத அதில் கட்டம் இல்லை. அப்படியே உள்ளே போனாலும் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். சட்டம் தகுதியையும் அனுபவத்தையும் சேர்த்தே சொன்னது. தேர்வுக்கு வந்து சேர்ந்தபோது அனுபவம் எங்கே கழன்று விழுந்தது என்று தங்களைப் பணிவோடு கேட்கிறேன்.

நல்ல பயிற்சிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் ஓராண்டு தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம் மதிப்புமிக்கது. அபாயகர ஆலைகளின் மேற்பார்வையாளர்களுக்கென்று ஒருமாதச் சான்றிதழ் வகுப்பும் உண்டு. ஆனால் அவை மேற்பார்வையாளருக்கும் அதிகாரிக்கும் உரியவை. அவர்களுக்குக் கீழே டிரம்மை உருட்டுபவர், ஸ்லட்ஜை அள்ளுபவர், டேங்குக்குள் இறங்குபவர் என்று ஒரு பெரும் வரிசை இருக்கிறது. அபாயகரச் சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநருக்குக்கூட மூன்று நாள் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்த லாரியிலிருந்து சரக்கை இறக்கி, திறந்து, பிரிக்கும் எங்களுக்கு, வேலை தொடங்கும் முன் நின்றபடி கேட்கும் சில நிமிட டூல்பாக்ஸ் டாக்கைத் தவிர வேறொன்றும் வாய்ப்பதில்லை.

இந்த இடைவெளியைத் தனியார் பயிற்சி மையங்களும் வெளிநாட்டுச் சான்றிதழ்களும் நிரப்புகின்றன. வளைகுடா வேலையை நினைத்து, எங்கள் இளைஞர்கள் மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம் கட்டி, செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து, அறையில் நால்வர் தூங்கும்போது செல்போன் வெளிச்சத்தில் படிக்கிறார்கள். நானும் படித்தேன். அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தையும், 1980ஆம் ஆண்டு சூப்பர்ஃபண்ட் சட்டத்தையும் உருப்போட்டோம். அதிகக் கழிவு உண்டாக்கும் ஆலை அதை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது அந்நாட்டு விதி. நம் நாட்டு விதியும் அதே 90 நாளைத்தான் சொல்கிறது. அந்த நாட்டுத் தேர்வு அந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்பதில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் இங்கே கழிவு நகரும் வழி வேறு.

அந்த வழியைக் காட்டும் மேனிஃபெஸ்டான, நம் 2016 விதிகளின் பத்தாம் படிவத்துக்கு ஏழு படிகள். வெள்ளைப் படியை அனுப்புபவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். மஞ்சள் அவரிடமே இருக்கும். மீதி ஐந்தும் லாரியோடு வரும். கழிவைப் பெற்றுக்கொண்டவர் இளஞ்சிவப்பை வைத்துக்கொள்வார். ஆரஞ்சு லாரிக்காரருக்கு, பச்சை வாரியத்துக்கு, நீலம் அனுப்பியவருக்கு. கழிவு வேறு மாநிலத்திலிருந்து வந்ததென்றால் சாம்பல் நிறப் படி அந்த மாநில வாரியத்துக்குப் போக வேண்டும். எல்லையில் இருக்கும் எங்களுக்கு அந்தச் சாம்பல் படி எவ்வளவு முக்கியம் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். கழிவு வழியில் எங்கோ ஏரிக்கரையில் கொட்டப்படாமல் சேரவேண்டிய இடம் சேர்ந்தது என்பதற்கு அந்த வண்ணத் தாள்களே சாட்சி. வெளிநாட்டுச் சான்றிதழைச் சட்டம்போட்டு மாட்டிய பல இளைஞர்களுக்கு இந்த ஏழு வண்ணங்களை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவற்றை அவர்களுக்கு கேட் அருகே நின்று சொல்லிக்கொடுத்தவர், விண்ணப்பம் போட முடியாத அதே அண்ணன்தான்.

தமிழில் தேர்வு வைத்தால் தரம் குறையும் என்று சிலர் சொல்வதாகக் கேள்விப்படுகிறோம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் ஆங்கிலம், இந்தியோடு தமிழ், ஒடியா, வங்காளம், அசாமியம் உள்ளிட்ட 13 மொழிகளில் நடக்கிறது. துப்பாக்கி ஏந்துபவரைத் தாய்மொழியில் தேர்ந்தெடுக்க முடிகிறதென்றால் ரசாயனம் ஏந்துபவரை ஏன் முடியாது? அம்மோனியாவின் ஐ.நா. எண் 1005 எந்த மொழியிலும் 1005தான். சிவப்புக் கட்டத்துக்குள் வரும் ஒன்பது அபாயக் குறிகளை உலகம் உருவாக்கியதே, மொழி தெரியாதவருக்கும் ஆபத்து புரிய வேண்டும் என்பதற்காகத்தான். ரசாயனப் பெயர்களை லேபிளில் இருப்பதுபோலவே வையுங்கள். கேள்வி மட்டும் எங்களுக்குப் புரியட்டும்.

இதை எங்கள் பிழைப்புக்காக மட்டும் கேட்கவில்லை, ஊரின் பாதுகாப்புக்காகவும் கேட்கிறோம். 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அமோனியம் நைட்ரேட், ஏறக்குறைய 700 டன், மணலிக் கிடங்கில் ஐந்தாண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்டில் அதே பொருளால் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான் அது அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மீனவ மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அம்மோனியா நீரில் எளிதில் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும் என்று சொல்ல, அதுபோன்ற வேளையில் தெருவுக்கு ஒருவராவது வேண்டும். முறையாகப் பயின்ற தொழிலாளி ஷிப்ட் முடிந்து சித்தராஜகண்டிகைக்கும் பாப்பன்குப்பத்துக்கும் திரும்பும்போது, அவர் கற்றதும் அவரோடு அந்தத் தெருவுக்குப் போகிறது. நிர்வாக அலுவலகச் சுவரில் தொங்கும் சான்றிதழுக்கு அந்த ஆற்றல் கிடையாது.

ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

அபாயகரப் பொருள் கையாளும் தொழிலாளிக்கென்று ஒரு சான்றிதழ்த் தேர்வை ஏற்படுத்துங்கள். பள்ளிப் படிப்பும், சரிபார்க்கப்பட்ட பணி அனுபவமும் அதற்குப் போதுமான தகுதியாகட்டும். அது தமிழில் நடக்கட்டும். எங்களோடு தோள்கொடுத்து வேலை செய்யும் ஒடிசா, பீகார், வங்காள, அசாம் தோழர்களுக்கு அவரவர் மொழியில் நடக்கட்டும்.

பாடத்திட்டம் 2016 விதிகளிலிருந்தும் நம் ஆலைகளின் விபத்துகளிலிருந்தும் எழட்டும். நான்கு விடைகளில் ஒன்றுக்குப் புள்ளி வைப்பதோடு தேர்வு முடிய வேண்டாம். வெற்றுப் பத்தாம் படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். டிரம்களைக் காட்டி, எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று கேளுங்கள். மூச்சுக் கருவியை அணிந்து காட்டச் சொல்லுங்கள். தேர்வு கடினமாக இருக்கட்டும், நாங்கள் சலுகை கேட்கவில்லை.

தேர்வு மையம் தொழிற்பேட்டைக்குள்ளேயே இருக்கட்டும். பயிற்சி தருவது நிர்வாகத்தின் கடமை என்று விதி சொல்வதால், கட்டணத்தையும் நிர்வாகமே ஏற்க வழிசெய்யுங்கள். தேர்வெழுதும் நாளுக்குச் சம்பளம் பிடிக்கப்படக் கூடாது. சான்றிதழ் தொழிலாளியின் பெயரில் வழங்கப்பட்டு, காண்ட்ராக்டர் மாறினாலும் கேட் மாறினாலும் செல்லுபடியாகட்டும்.

நிறைவாக ஒன்று. சான்றிதழ் பெற்ற தொழிலாளி “இந்த டிரம்மைத் திறக்கக் கூடாது” என்று சொன்னால், அதைச் சொன்னதற்காக அவர் வேலை போகாது என்ற உறுதியை அந்தச் சான்றிதழிலேயே அச்சிடுங்கள். ஆபத்தை எடுத்துச்சொல்லும் உரிமையைச் சட்டம் தந்து பல ஆண்டுகள் ஆகின்றன. காண்ட்ராக்ட் தொழிலாளி அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு, தங்கள் முத்திரை அவர் பக்கம் நிற்கும்போதுதான் வரும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. எழுதிவைத்ததை நடைமுறைக்குக் கொண்டுவர ஓர் ஆணை போதும். அந்த ஆணையை எப்போது பிறப்பிப்பீர்கள் என்பதை, நாங்கள் கேட்டதைப் போலவே பொதுவில் அறிவிக்க வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளி ஒருவன்