சர்வர் டவுன் என்பது முதலில் யாருக்குத் தெரிகிறது?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டு அம்மாளுக்கு வாரிசுச் சான்றிதழ் விஷயமாகத் துணைக்குப் போயிருந்தேன். பெரம்பலூரா, அரியலூரா, எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். எங்கும் நடப்பதுதான். காலை பத்தரைக்கு டோக்கன் வாங்கினோம். எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் கையை விரித்துவிட்டான். "சர்வர் டவுன் ஐயா."

பையன் மேல் தப்பில்லை. உடனே போன் போட்டுக் கேட்டான். மறுமுனையில் வந்த பதில் எனக்கும் கேட்டது. "இங்க எல்லாம் பச்சையாத்தானே காட்டுது? உங்க நெட்டைப் பாருங்க." நெட் நன்றாகவே இருந்தது. அதே நெட்டில் வேறு நாலு பக்கங்களைத் திறந்து காட்டினான். மத்தியானம் இரண்டரைக்கு யாரோ, எங்கேயோ, எதையோ நிறுத்தி மறுபடி ஓட விட்டார்கள். சரியாகிவிட்டது. குன்னம் பக்கத்திலிருந்து, வெங்காயம் பிடுங்கும் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு பெண் அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள். மறுநாளும் வர வேண்டும். இரண்டு நாள் கூலியை யார் கணக்கில் எழுதுவது?

என் தங்கை மகன் சென்னையில் இந்த சர்வர் பராமரிப்பு வேலையில்தான் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். "மெஷின் நல்லா இருந்திருக்கும் மாமா, உள்ள ஓடுற புரோகிராம் நின்னு போயிருக்கும். அவங்க மெஷினை மட்டும்தான் கண்காணிக்கிறாங்க" என்றான். அதாவது, 'இருக்கிறாயா?' என்று மெஷினைத் தட்டிக் கேட்கிறார்கள், அது 'இருக்கிறேன்' என்கிறது, திரையில் பச்சை விளக்கு எரிகிறது. விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய புரோகிராம் செத்துக் கிடப்பதை யாரும் கேட்கவில்லை. ஆபீஸ் திறந்திருக்கிறதா என்று வாட்ச்மேனைக் கேட்டுவிட்டு, எழுத்தர் சீட்டில் இருக்கிறார் என்று முடிவு கட்டுவது போல.

கண்டுபிடிக்க வழியில்லை என்றால் பேசாமல் இருந்துவிடுவேன். வழி இருக்கிறது, அதுவும் இலவசமாக. நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் 1999-ல், வேறொரு பெயரில், வெளிவந்தது. இன்ன புரோகிராம் ஓடுகிறதா, எத்தனை ஓட வேண்டும், எத்தனை ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கும். குறைந்தால் பொறுப்பாளருக்குச் செய்தி போகும். லினக்ஸில் சிஸ்டம்டி என்று ஒன்று, அதில் ஒரு வரி எழுதி வைத்தால் செத்த புரோகிராமைத் தானே எழுப்பிவிடுமாம்.

சாகாமல் உறைந்து போவதும் உண்டு. பட்டியலில் பெயர் இருக்கும், வேலை நடக்காது. (சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவனுக்கு இதை விளக்க வேண்டுமா?) இதற்கு மருந்து, அந்தப் புரோகிராமே குறித்த நேரத்துக்கு ஒருமுறை 'வேலை செய்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நின்றுவிட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சு ரயில் எஞ்சின்களில் 'வேய் ஓட்டோமாத்திக்' என்று ஒரு கருவி உண்டு. 'வேய்' என்றால் விழித்திருப்பது. டிரைவர் ஒரு மிதியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, மயங்கி விழுந்தவன் கால்கூட அழுத்திக்கொண்டிருக்குமே! அதனால் ஒரு நிமிஷத்துக்குள் ஒருமுறை விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். தவறினால் மணி அடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் பிரேக் விழும்.

பிரான்ஸ் எதற்கு, நம் ஆபீஸிலேயே இருந்ததே, இன்மை அறிக்கை! அனுப்ப ஒன்றும் இல்லை என்றாலும் 'இன்மை' என்று எழுதிக் குறித்த தேதியில் அனுப்பியாக வேண்டும். வராவிட்டால் நினைவூட்டு, அதற்கும் அசையாவிட்டால் விளக்கம் கோரல். இளம் வயதில் இதைக் கேலி செய்திருக்கிறேன். அரியலூர் மாவட்டம் 2001-ல் பிறந்து, 2002-ல் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தபோது கோப்புகளைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். எந்தப் பிரிவு எங்கே தொலைந்தது என்று காட்டிக்கொடுத்தது, வராமல் போன அந்த ஒற்றைத் தாள்தான்.

அரியலூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 1956 நவம்பர் 23, விடிகாலை, கொட்டும் மழை. மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போயிருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வந்து விழுந்தது. சுமார் 150 பேர் செத்தார்கள், லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார். தண்டவாளத்தில் வேறு வண்டி இல்லை என்று கைகாட்டி சொல்லும், பாலம் நிற்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? பாலம் போனதை ரயில் விழுந்துதான் உலகம் அறிந்தது. நாலு மணி நேரக் காத்திருப்பை அந்தச் சாவுகளோடு ஒப்பிடவில்லை. ஆனால் பயணியை விட்டே பாலத்தைச் சோதிக்கும் அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

"லட்சக்கணக்கான விண்ணப்பம் வருது சார், பளு தாங்காம விழத்தான் செய்யும்" என்பார்கள். விழட்டும் ஐயா. விழாத எந்திரத்தையா கேட்டேன்? ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு பொய் விண்ணப்பத்தைப் போட்டு, ரசீது வருகிறதா என்று கம்ப்யூட்டரே பார்க்கட்டும். வரவில்லையா, வரிசையில் நிற்பவருக்கு முன்னால் உங்களுக்குத் தெரியட்டும். எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு உங்களுக்குத் தெரிந்தது, இரண்டையும் போர்டில் எழுதிப் போடுங்கள். தானே எழுப்பிவிடும் வசதி இருந்தால், ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுப்பியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் நோயை மூடி மறைக்கத்தான் அது பயன்படும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையின் இரண்டு நேரங்களையும் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிவிட்டேன். ஆன்லைனில் போடலாமே மாமா என்றான் தங்கை மகன். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில்தான் அனுப்பினேன். முப்பது நாள் கெடு, காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.