வாடகை குறையும், வெயில் குறையுமா? ஊர் மாறும் முன் போட வேண்டிய கணக்கு!

"பேசாம கோயம்புத்தூர் பக்கம் போயிடலாமா?"

சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் பல குடும்பங்களில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது இந்தப் பேச்சு எழும். மே மாதம் கரன்ட் பில்லைப் பார்த்ததும் ஒரு முறை, டிசம்பரில் புயல் எச்சரிக்கை வந்ததும் இன்னொரு முறை. நடுவில் ஹவுஸ் ஓனர் வாடகையை ஏற்றிவிட்டால், மூன்றாவது முறையும் எழும்.

முன்பெல்லாம் வேலை, பிள்ளைகள் படிப்பு, சொந்தபந்தம் ஆகியவைதான் ஊர் மாறக் காரணங்கள். இப்போது வானிலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சேராமல் என்ன செய்யும்? 2015 டிசம்பரில் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு அறிவித்தது.

ஆக, 'போயிடலாமா' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், பதில் தேடும்போது நம்மில் பலரும் இரண்டு ஊர் வாடகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

வெயிலுக்கு எவ்வளவு பில்?

ஊருக்கு ஊர் செலவு மாறும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது. 7-வது ஊதியக்குழு முறைப்படி, சென்னையில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதம். கோவை, திருச்சி, மதுரையில் 20 சதவிகிதம். ஆனால், இந்தப் படியில் வெயிலுக்கோ, வெள்ளத்துக்கோ தனிக் கணக்கு இல்லை. அதை நாம்தான் போட வேண்டும்.

ஓர் உதாரணம். சென்னையில் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம், திருச்சிக்குப் போனால் மாதம் 3,000 ரூபாய் வாடகை மிச்சம் என்று கிளம்புகிறது. கிடைத்ததோ மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு. ஒருவருக்கு வீட்டிலிருந்தே வேலை. சென்னையில் ராத்திரி மட்டும் ஓடிய ஏ.சி இப்போது பகலிலும் 8 மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும், 2 மாதத்தில் 480 யூனிட் கூடுதல்.

நம் மின்கட்டண முறையில் 2 மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும்போதுதான் சிக்கல். 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் சலுகை விலை போய்விடும். 501-வது யூனிட்டிலிருந்து 8 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். ஏற்கெனவே 400 யூனிட் செலவழிக்கும் வீடு என்றால், 2024 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி ஒரு பில்லுக்கு 4,000 ரூபாய்க்கு மேல் கூடும். கோடையில் இப்படி இரண்டு பில். வருஷத்துக்கு 36,000 ரூபாய் மிச்சம் என்று நினைத்ததில் ஏறக்குறைய கால்வாசி ஏ.சி-க்கே போய்விடும். இதிலும் லாபம் உண்டுதான், ஆனால் நினைத்த லாபம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தெர்மாமீட்டர் காட்டும் எண் மட்டும் வெயில் அல்ல. சென்னையில் 36 டிகிரிதான் இருக்கும். ஆனால், கடல் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை காயாது, ராத்திரியும் புழுங்கும். வேலூர், கரூர், திருச்சி பக்கம் 40-ஐத் தாண்டினாலும் அது வறண்ட வெயில். அங்கே ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும். ஏ.சி-யோடு ஒப்பிட்டால் கரன்ட் செலவு மிகக் குறைவு. அதே கூலரைச் சென்னையில் வைத்தால் அறையில் பிசுபிசுப்புதான் கூடும். எனவே, 'எந்த ஊரில் வெயில் அதிகம்' என்பதோடு, 'அந்த வெயிலைச் சமாளிக்க எவ்வளவு ஆகும்' என்றும் கேளுங்கள்.

குளுகுளு ஊர்களின் மறுபக்கம்

சரி, குளிர்ச்சியான ஊருக்கே போய்விட்டால்?

கோவைக்கு இயற்கை கொடுத்த வரம் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழைந்து ஊரையே ஆற்றிவிடும். ஆனால், சென்னையில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதிதான் கோவையில் பெய்யும். குடிநீருக்குச் சிறுவாணி, பில்லூர் திட்டங்களை நம்ப வேண்டும். சிறுவாணி அணை இருப்பதோ கேரளத்தில். அங்கே மழை பொய்த்தால் இங்கே குழாய்த் தண்ணீர் வரும் நாள்கள் தள்ளிப்போகும். மழை பலமாகக் கொட்டினாலும் சிக்கல்தான். லங்கா கார்னர் பாலத்துக்கடியில் வண்டி மாட்டிக்கொண்ட கதை கோவைக்காரர்கள் பலரிடமும் இருக்கும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் ராத்திரி ஃபேனே போதும் என்பார்கள். ஆனால், கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. வீடு பார்க்கும்போது அந்தத் தண்ணீர் வருகிறதா, போர் தண்ணீர்தானா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பக்கத்திலிருக்கும் பெங்களூரு என்ன ஆனது என்பதையும் பார்த்தோம். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை ஐ.டி பகுதிகள் மிதந்தன. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வறண்டு, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்ற நிலை வந்தது.

'புயலெல்லாம் சென்னைக்குத்தான்' என்பதும் பழைய நினைப்பு. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது, கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ பெய்தது. மலைப்பகுதி என்றால் நிலச்சரிவு பயம் உண்டு. 2024 ஜூலையில் வயநாட்டில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

ஆக, பிரச்னையே இல்லாத ஊர் என்று ஒன்றைத் தேடுவதில் அர்த்தமில்லை. எந்தப் பிரச்னையை உங்கள் குடும்பத்தால் தாங்க முடியும் என்று பாருங்கள். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால், வெயிலும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் தூரமும்தான் முதல் கேள்வி. சின்னக் குழந்தைகள் இருந்தால் தண்ணீர். வெயிலில் நின்று வேலை பார்ப்பவர் என்றால், கடும் வெயில் அவருக்குக் கூலி இழப்பு. அதற்கு ஏ.சி தீர்வாகாது.

ஊரை விடுங்க, தெருவைப் பாருங்க

சென்னை முழுக்க மூழ்கவும் இல்லை, கோவை முழுக்கக் குளிரவும் இல்லை. ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். இரண்டு தெரு தள்ளி மேட்டில் இருக்கும் வீட்டில் வாசல்கூட நனையாது. சில சமயம் ஊரே மாறத் தேவையில்லை, தெரு மாறினாலே போதும்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது புரோக்கரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தெருமுனை அயர்ன் கடைக்காரரிடம், மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள். "2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023-ல?" என்று வருஷத்தைச் சொல்லிக் கேட்டால், கையை வைத்துக் காட்டுவார்கள். "மே மாசம் லாரித் தண்ணி வாங்குவீங்களா, ஒரு லோடு எவ்வளவு?" என்பதையும் கேளுங்கள். ஓ.எம்.ஆர் பக்கம் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாடகையைவிட, லாரித் தண்ணீரைச் சேர்த்த மெயின்டெனன்ஸ்தான் கோடையில் எகிறும். மேற்குப் பார்த்த படுக்கையறையா, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீடா என்பதை மதியம் 3 மணிக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். காலை 9 மணிக்குப் பார்த்தால் எல்லா வீடும் குளுகுளுதான்.

இன்ஷூரன்ஸையும் கணக்கில் சேருங்கள். வெள்ள பாதிப்பையும் உள்ளடக்கிய 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம். காருக்கு முழு பாலிசி இருந்தாலும், தண்ணீரில் எஞ்சின் பழுதானால் அதற்கென்று தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்.

மூன்று வரிக் கணக்கு

ஒரு பேப்பரில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, வாடகை, பள்ளிக் கட்டணம், போக்குவரத்து என மாதாமாதம் வரும் செலவு. இரண்டாவது வரி, ஏ.சி கரன்ட், லாரித் தண்ணீர், மருத்துவம் எனக் கோடையில் மட்டும் வரும் செலவு. மூன்றாவது வரி, வெள்ளம் புகுந்தால் ஃப்ரிட்ஜ், பைக், மெத்தை, சில நாள் வேலை என்று சில வருஷங்களுக்கு ஒருமுறை விழும் அடி. மூன்றையும் வருஷக் கணக்காக்கி இரண்டு ஊரையும் ஒப்பிடுங்கள். கூடவே, புது ஊரில் சம்பளம் அதேதானா, கணவன் மனைவி இருவருக்கும் வேலை கிடைக்குமா, ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். கொரோனா காலத்தில் ஊர் திரும்பிய பலரும் மாட்டிக்கொண்டது கடைசிக் கேள்வியில்தான்.

இந்தக் கணக்கைப் போட முடிவதே ஒரு வசதி என்பதையும் சொல்லியாக வேண்டும். தினக்கூலிக்காக ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்குப் பேப்பரில் எழுத இரண்டாவது ஊர் இல்லை. வசதி உள்ளவர்கள் கிளம்பிப் போகும் ஊரில் வாடகை ஏறினால், அங்கேயும் அடி அவரைப் போன்றவருக்குத்தான். எனவே மழைநீர் வடிகாலும், ஏரிப் பாதுகாப்பும், நிழல் தரும் மரங்களும் கேட்டுப் பேச வேண்டிய பொறுப்பு, ஊர் மாறுபவருக்கும் உண்டு.

கணக்குப் போட்ட பிறகும் 'போகலாம்' என்றே வருகிறதா? தாராளமாகப் போங்கள். ஆனால், போனதும் ஈ.எம்.ஐ போட்டு வீடு வாங்கிவிடாதீர்கள். ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். அந்த ஊரின் மே மாதத்தையும், நவம்பர் மாதத்தையும் முழுசாகப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் அட்வான்ஸைக் கொடுங்கள்.