அந்த 5 ரூபாய் காயின் லட்சத்துக்குப் போகுமா?

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து பெரியம்மா போன் செய்தார். "ஏட்டி, நம்ம கடைக்கு வந்த அஞ்சு ரூவா காயின் ரெண்டு லட்சத்துக்குப் போவுமாம்லா!" குரலில் அவ்வளவு சந்தோஷம்.

பெட்டிக்கடை வைத்திருக்கும் பெரியம்மா, ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த எண்ணுக்கு காயினை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். 'பதிவுக் கட்டணம்' என்று 1,850 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அடுத்து 'வரி' என்று 6,000 கேட்டபோதுதான் என் ஞாபகம் வந்திருக்கிறது. "ஒரு பைசா அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன்.

'அபூர்வம்' என்று அவர்கள் சொன்னது இரண்டு அடையாளங்களை. ஒன்று, ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம். இன்னொன்று, சிங்க முகத்தின் குறுக்கே ஒரு கோடு.

நட்சத்திரத்தில் எந்த ரகசியமும் இல்லை. அது ஹைதராபாத் நாணயச் சாலையின் முத்திரை. மும்பைக்கு டைமண்ட், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா காயினில் எந்தக் குறியும் இருக்காது. உங்கள் பர்ஸிலேயே பாருங்கள், நாலில் ஒன்றாவது சிக்கும்!

அடுத்து, அந்தக் கோடு. இதற்கு ஒரே கேள்விதான்: மேடா, பள்ளமா? காயின் அடிக்கும் இரும்பு அச்சில் விரிசல் விழுந்தால், அழுத்தும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்துகொள்ளும். அதனால் காயினில் கோடு மேடாகத் தெரியும். இதுதான் அச்சுப் பிழை. கோடு பள்ளமாக இருந்தால், பெரும்பாலும் வெளியே வந்தபிறகு பட்ட கீறல். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெரியம்மாவின் காயினில் இருந்தது பள்ளம்.

இன்னும் சில பிழைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தகடு அச்சுக்கு நடுவே உட்காராவிட்டால், படம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் பிறை வடிவில் வெறுமையாக இருக்கும். விழுந்திருக்கும் பகுதி தெளிவாகவே இருக்கும். சுத்தியலால் தட்டியதென்றால் எழுத்துகள் நசுங்கியிருக்கும்.

முன்பு அடித்த காயின் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காயினின் ஒரு பக்கத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் படம் திரும்பி, குழிவாக விழும். இரண்டு காயின்களை இடுக்கியில் நெருக்கியும் இப்படிப் போலி செய்கிறார்கள். அதில், நசுங்கிய பழைய படத்தின் மிச்சம் அடியில் தெரியும்.

காயின் மெலிந்திருந்தால் எடை போடுங்கள். பழைய கனமான 5 ரூபாய் காயின் 9 கிராம், 10 ரூபாய் காயின் 7.71 கிராம். பார்க்க முழுதாக இருந்தும் எடை நன்றாகக் குறைந்தால், ஆசிடில் போட்டு எடுத்ததோ என்று சந்தேகப்படலாம்.

முக்கியமாக, புளி, விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், கூடவே நுண்ணிய கீறல்களும் வரும். சேகரிப்பாளர்கள் அதைத் தொடவே மாட்டார்கள்.

பழைய காயின், நோட்டு விற்பனையில் தங்களுக்குத் தொடர்பு இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரித்திருக்கிறது. உங்கள் பொருளை வாங்க வருபவர் உங்களிடமே பணம் கேட்டால், அங்கேயே உஷாராகிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

நாங்களும் அழைத்துப் புகார் கொடுத்தோம். பெரியம்மாவின் பணம் இன்னும் வரவில்லை.

அன்று ராத்திரி இருவரும் கல்லாவைக் கொட்டி, ஒவ்வொரு காயினாகப் பார்த்தோம். ஒரு ரூபாய் காயின் ஒன்றில், விளிம்பிலிருந்து எண் வரை மெல்லிய கோடு. தொட்டுப் பார்த்தார் பெரியம்மா. மேடு! "இது எவ்வளவுக்குப் போவும்?" என்று அவர் கேட்கவில்லை. சின்ன டப்பாவில் போட்டு மூடினார். லட்ச ரூபாய் காயின், மறுநாள் காலையில் யாருக்கோ சில்லறையாகப் போனது.