இரண்டு ஊசி, இரண்டு அளவு

காலை 7, மாலை 7. வானொலியில் செய்தி நேரம் தப்பினாலும், கேமரன் மலை தேயிலைத் தோட்டத்து எங்கள் வீட்டில் இந்த நேரம் தப்பாது. பூனை மீனுவுக்கு இன்சுலின்!

சென்ற மாதம் விடுமுறையில் போயிருந்தேன். மீனுவின் மருந்து தீர்ந்திருந்தது. மழையில் தானா ராத்தா வரை போவானேன் என்று, அம்மா தன் இன்சுலினையே பூனையின் ஊசியில் 2 கோடு ஏற்றிப் போட்டுவிட்டார். ஊசி ‘யூ-40’, அம்மாவின் மருந்தோ ‘யூ-100’. உள்ளே போனது 5 யூனிட்! மீனு தள்ளாடி விழுந்தது. ஈறில் தேனைத் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடினோம். பிழைத்தது.

இப்போது ஐஸ்பெட்டியில் இரண்டு நிற டப்பாக்கள். மீனு சாப்பிடாவிட்டால், ஊசிக்கு முன் மருத்துவருக்குப் போன்.

“ரெண்டு பேருக்கும் இனிப்பு நீர்தான், மருந்துதான் வேற” என்கிறார் அம்மா. உங்கள் வீட்டு ஊசியிலும் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.